சேர்மன் வைத்த சந்தனப் பொட்டு

கோரைமுனை பேருந்து நிலையத்துக்கு நேர் மேலே, எண்ணூறு அடி உயரத்தில், ஐஸ் கம்பெனி மீனலோசனியின் விமானம் அசையாமல் நின்ற அந்த ஆயுத பூஜை நாளில், கீழே புறப்படத் தயாராக இருந்த டவுன் பஸ்ஸின் கண்டக்டர் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அது நிக்கட்டும், நீங்க ஏறுங்க" என்றார். அந்த அற்புதத்தை ஊர் ஏற்றுக்கொள்ள அவ்வளவு நேரம்தான் ஆனது.

விமானம் ஒன்றும் புதியதல்ல. அறுபதுகளில் எங்கோ செய்து, எவரெவரிடமோ ஓடி, கடைசியாக ஒரு பறக்கும் பயிற்சிக் கழகத்தில் இருந்தது. அந்தக் கழகம் மூடப்பட்டு மேஜை நாற்காலி மின்விசிறிகளோடு சேர்த்து ஏலம் விடப்பட்டபோது, அங்கேயே பறக்கப் படித்து உரிமம் வாங்கியிருந்த மீனலோசனி அதை எடுத்தார். நான்கு பேர் உட்காரலாம், ஒரே எஞ்சின், இறக்கை தலைக்கு மேலே, முன்னால் இரண்டு தகடுள்ள விசிறி. ஊருக்குத் தெற்கே யுத்தகாலத்தில் போட்டு மறந்துபோன ஓடுபாதை ஒன்றில் மீனவர்கள் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார்கள். பறக்கும் நாளன்று அவர் முன்கூட்டியே சொல்லியனுப்புவார், அவர்கள் மீனை வாரி ஓரம் கட்டுவார்கள், அவர் பறந்து முடித்ததும் திரும்பப் பரப்புவார்கள், இதில் யாருக்கும் வருத்தமில்லை.

விமானத்தை வைத்திருப்பது பறப்பதற்காக என்று ஊர் நினைத்தது, ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதில்தான் மீனலோசனிக்குப் பெரும்பொழுது போனது. ஒவ்வொரு முறையும் பறப்பதற்கு முன் அதைச் சுற்றி வருவார். இறக்கைக்கு அடியிலுள்ள குழாயைத் திறந்து பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். விசிறியின் ஓரத்தில் கல்லடித்த வெட்டு இருக்கிறதா என்று விரலால் தடவுவார். ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை அறுத்து விரித்து, அதில் இரும்புத்தூள் மின்னுகிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுவார். கம்ப்ரசர் சத்தம் ஒரு துளி மாறினாலும் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுகிற ஐஸ் கம்பெனிக்காரருக்கு இதெல்லாம் இயல்பாகவே வந்தது.

"பழைய இரும்பு, எடைக்குப் போட்டுடும்மா" என்பார்கள்.

"பழசுங்கறதுல பயமில்ல. பார்க்காம விடறதுதான் பயம்" என்பார் அவர்.

கணவர் அமிர்தகடேசன் அந்த விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஆனால் அது புறப்படும்போதும் இறங்கும்போதும் ஓடுபாதையின் ஓரத்தில் தீயணைக்கும் சிலிண்டரைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு நிற்பார்.

இனி சேர்மன். கோரைமுனை பேரூராட்சித் தலைவர் பூவராகனுக்குப் பொட்டு வைப்பதில் தனிப் பற்று உண்டு. ஊருக்கு எது புதிதாக வந்தாலும் முதல் பொட்டு அவருடைய கட்டைவிரலிலிருந்து விழ வேண்டும். அப்படி ஆழ்துளைக் கிணற்றுக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் வைத்திருக்கிறார். ஏடிஎம் திறந்தபோது அதன் கேமராவின் கண்ணில் அவர் அழுத்தி வைத்த பொட்டை இன்றுவரை எவரும் துடைக்காததால், அந்த இயந்திரம் யாரையும் அடையாளம் காட்டியதில்லை. அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு மீனலோசனியின் விமானத்துக்குத் தாமே வந்து பூஜை போடுவதாகச் சொல்லியனுப்பினார், வேண்டாமென்று சொல்லும் வழக்கம் ஊரில் இல்லை.

விசிறிக்கு மாலை போட்டார்கள். மூன்று சக்கரங்களுக்கும் மூன்று எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காயை ஓடுபாதையில் உடைக்க வந்தவரை மட்டும் மீனலோசனி தடுத்து, சிதறும் துண்டுகள் விசிறியில் படும் என்று வேலி ஓரத்துக்கு அனுப்பினார். அவர் அங்கே திரும்பியிருந்த நேரத்தில்தான் சேர்மன் கிண்ணத்தில் கட்டைவிரலைத் தோய்த்து, விமானத்தின் இடது கன்னத்தில், பொட்டு வைக்கத் தோதாக ஒரு சிறு தகடும் அதன் நடுவில் ஊசித் துளையும் இருந்த இடத்தில், குழைத்த சந்தனத்தை நன்றாக அழுத்தி வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தார்.

அந்தத் துளை வழியாகத்தான் விமானம் வெளிக்காற்றைத் தொட்டுப் பார்க்கிறது. மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறையும். அதைக் கொண்டுதான் உயரம் காட்டும் முள் தன் உயரத்தைச் சொல்கிறது. துளை அடைபட்டால் முள் கடைசியாக அறிந்ததையே சொல்லிக்கொண்டிருக்கும்.

மீனலோசனி திரும்பி வந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் விரல் வைத்துத் தடவிப் பார்க்கிற துளை அது. கையில் துடைக்கும் துணிகூட இருந்தது. ஆனால் நான்கு கேமராக்கள் இருந்தன, கவுன்சிலர்கள் இருந்தார்கள், சேர்மனின் கட்டைவிரல் இன்னும் ஈரமாக இருந்தது; பெரிய மனிதர் வைத்த பொட்டை அவர் முகத்துக்கு நேராக அழிக்கிறவர் கோரைமுனையில் அதுவரை பிறந்திருக்கவில்லை. ஒரே ஒரு சுற்று, கண்பார்வையிலேயே பறந்துவிடலாம், இறங்கிவந்து துடைத்துக்கொள்ளலாம் என்று துணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார்.

ஏறிய விமானம் எண்ணூறு அடி போனது. முள் தரையிலேயே படுத்திருந்தது. பேருந்து நிலையத்துக்கு மேலே வந்ததும், இறங்குவதற்காக அவர் எஞ்சின் வேகத்தைக் குறைத்தார். விமானமோ தன் முள்ளை அறுபது ஆண்டுகளாக நம்பி வந்த விமானம். முள் தரை என்றால் அதற்குத் தரைதான். தரையில் இருக்கும் விமானம் வேகத்தைக் குறைத்தால் என்ன செய்யுமோ அதைச் செய்தது. மெல்ல உருண்டு, நின்றது.

மீனலோசனி ஜன்னலைத் திறந்து கீழே பார்த்தார், மேலே பார்த்தார், முள்ளைப் பார்த்தார், பிறகு பார்க்கிங் பிரேக்கை இழுத்துவிட்டு எஞ்சினை அணைத்தார். பெட்ரோலை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது.

அமிர்தகடேசன் போனில் அழைத்தார்.

"எங்க இருக்க?"

"பஸ் ஸ்டாண்டுக்கு மேலங்க."

"அது ஊருக்கே தெரியுது. எப்ப இறங்குவ?"

"அது இறங்கிட்டதா நினைக்குதுங்க. இறங்கினதை எப்படி இறக்கறது?"

அவர் சிலிண்டரை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரின் ட்ரோன் முதலில் நூலைக் கொண்டுபோனது, நூலில் கயிறு போனது, கயிற்றில் அன்று முதல் டிபன் கேரியர் போகத் தொடங்கியது. மற்ற அவசரங்களுக்கு என்ன செய்தார் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். அமிர்தகடேசன் ஏற்பாடு செய்திருந்தார், அதை விவரிப்பது நாகரிகமில்லை.

விமானத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கையைக் குவித்து மேலே பார்த்துவிட்டு, போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க கருவியில உயரம் என்ன காட்டுது?"

"தரைங்க சார்."

"அப்ப தரையில நிக்குது. பறக்கிறதுதான் எங்க துறை. நிக்கிற வண்டி உள்ளாட்சிக்கு வரும்" என்று சொல்லி, வந்த ஜீப்பிலேயே போய்விட்டார்.

உள்ளாட்சி நில அளவைத் துறையைக் கூப்பிட்டது. சங்கிலி அவ்வளவு உயரம் எட்டாததால் சர்வேயர் விமானத்தின் நிழலை அளந்தார். அது காலையில் மேற்கே உப்பளத்திலும், நண்பகலில் பேருந்து நிலையத்திலும், மாலையில் கிழக்கே கடலிலும் விழுந்ததால், மூன்று துறைகளின் நிலத்தில் ஒரே ஆள் ஆக்கிரமிப்பு செய்திருப்பதாக எழுதி, நண்பகலில் நிழல் விழும் இடத்தில் நோட்டீஸ் ஒட்டினார். நோட்டீஸைச் சுற்றி நிழலுக்காக மக்கள் உட்கார்ந்தார்கள்.

அதற்குள் விமானம் ஊருக்குப் பழகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள். பரோட்டாக் கடைகள் இரண்டாயின. பஸ்ஸிலிருந்து இறங்குவோருக்கு "விமானத்துக்கு வடக்கால ரெண்டாவது தெரு" என்று வழி சொன்னார்கள். தரையில் நிற்பதாக நம்பும் விமானம் தரையில் ஓடுவதுபோல் ஓடவும் செய்யும் என்பது ஒருநாள் தெரியவந்தது. எஞ்சினைச் சூடாக்கிய மீனலோசனி பிரேக்கை விடவே, அது ஆகாயத்தில் ரோட்டில் போவதுபோல் உருண்டு ஐஸ் கம்பெனிக்கு மேலே வந்தது. மறுநாளே விண்ணப்பங்கள் குவிந்தன. ஆளுங்கட்சி பொதுக்கூட்டத் திடலுக்கு மேலே நிற்கச் சொன்னது, எதிர்க்கட்சி அதே நாளில் தன் திடலுக்கு மேலே நிற்கச் சொன்னது, ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தத்துக்கு நிழல் கேட்டார்கள். எஞ்சின் ஓடும் ஒவ்வொரு மணியும் அதன் ஆயுளில் குறையும் என்று மீனலோசனி எல்லோருக்கும் மறுத்துவிட்டார், பேருந்து நிலைய வியாபாரிகள் கேட்டுக்கொண்டதால் பழைய இடத்துக்கே திரும்பினார். கல்யாண வீட்டார் மட்டும் கோபித்துக்கொண்டு பத்திரிகையில் அவர் பெயரை விட்டுவிட்டார்கள்.

அவர் கீழே இறங்கிவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. தீயணைப்பு நிலையத்தார் கயிற்று நாற்காலி அனுப்பத் தயாராக இருந்தார்கள்.

"நான் இறங்கிடலாம்" என்றார் மீனலோசனி கணவரிடம். "சந்தனம் காயுதுங்க. ஓரத்துல வெடிச்சிருக்கு, இங்கிருந்து தெரியுது. உதிர்ந்தா விமானத்துக்கு உண்மை தெரிஞ்சிடும். தெரியறப்ப உள்ள ஆள் இல்லைன்னா, எஞ்சின் ஓடலைன்னா, நேரா பஸ் ஸ்டாண்ட்லதான்."

"கைக்கு எட்டுமா அது?"

"எட்டாது. எட்டினாலும், நிக்கிற நிலையில தொடக்கூடாது."

"உதிரலைன்னா?"

"மழை வரும்ல" என்றார் அவர்.

ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. கோரைமுனையில் வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து நேராக வரும். தரையிலென்றால் இறக்கைகளைக் கொக்கியில் கட்டிப் போடலாம். அங்கே கட்டுவதற்கு எதுவுமில்லை. மீனலோசனி தினமும் காலையில் கதவைத் திறந்து, சக்கரத்துக்கு மேலுள்ள படியில் கால்வைத்து, இறக்கைக்கு அடியில் குப்பியைப் பிடித்து, தண்ணீர் சேர்ந்திருந்தால் வடித்தார். கடற்காற்றில் ஓடாத எஞ்சின் உள்ளே துருப்பிடிக்கும் என்பதால் அவ்வப்போது ஆயில் நன்றாகச் சூடேறும் வரை ஓடவிட்டார். கருவிகளின் கண்ணாடிகளைப் பஞ்சால் துடைத்தார். பெட்ரோல் குறைந்துகொண்டே வந்தது. கயிற்றில் கேன் ஏற்ற அமிர்தகடேசன் போனபோது சேர்மன் தடுத்தார்.

"பொது இடத்துக்கு மேல பெட்ரோல் ஏத்தக்கூடாதுங்க. சட்டம்."

"விமானம் மட்டும் நிக்கலாமா?"

"அது தெய்வ காரியம்ல?" என்றார் சேர்மன். "அண்ணாச்சி, யோசிச்சுப் பாருங்க. நான் பொட்டு வச்ச ஆம்புலன்ஸ் நிக்கலை, நான் பொட்டு வச்ச மோட்டார் நிக்கலை, இது நின்னுருக்கு. மந்திரி அடுத்த வாரம் வர்றாரு. அதுவரைக்கும் தங்கச்சி இருக்கட்டும். அப்புறம் கீழேருந்து ஒரு தூண் எழுப்பி நிரந்தரமாவே நிறுத்திடலாம்னு தீர்மானம் போட்டிருக்கோம்."

"உள்ள என் பொண்டாட்டி இருக்காய்யா."

"தூணுக்கு உள்ளாற லிஃப்ட் வைக்கிறோம்" என்றார் சேர்மன், கொஞ்சம் மனம் புண்பட்டவராக.

மழை பற்றி அமிர்தகடேசன் எடுத்துச் சொன்னதை சேர்மன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் வீடியோக்காரரின் ட்ரோன் பொட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டப் போனது. மீனலோசனி ஜன்னல் வழியே கையை நீட்டி அதைத் திருப்பி அனுப்பினார். பொட்டைக் காப்பாற்ற வந்ததைத் திருப்பிவிட்டதாக ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. நாளேடுகளில் உள்ளூர்ப் பக்கத்தில் 'விமானி பிடிவாதம்' என்று வந்தது.

மந்திரிக்கு முன் மழை வந்தது. கிழக்கே கடல் கறுத்ததை முதலில் பார்த்தவர், எல்லோருக்கும் மேலே இருந்தவர்தான். பேருந்து நிலையத்தில் தீபாவளிக்கு ஊர் போகிற கூட்டம். அமிர்தகடேசன் கீழே ஓடி ஓடி எல்லோரையும் விலகச் சொன்னார், இடம் பிடித்து உட்கார்ந்தவர்கள் விலகவில்லை.

"எழுந்தா சீட் போயிடும்" என்றார் ஒருவர்.

"மேலேருந்து விமானம் விழும்யா!"

"இத்தனை நாளு விழலையே, நம்ம பஸ் வந்தப்புறம் விழட்டும்."

அவர் போனை எடுத்தார். மேலே எஞ்சின் ஓடத் தொடங்கியிருந்தது.

"ஏங்க, நீங்க ஓடுபாதைக்குப் போங்க. மீனை வாரச் சொல்லுங்க."

"எவ்வளவு பெட்ரோல் இருக்கு?"

"இறங்கறதுக்கு இருக்கு. இன்னொருதரம் முயற்சி பண்றதுக்கு இல்ல."

விமானம் கூட்டத்தின் தலைக்கு மேலிருந்து நகர்ந்து, உப்பளத்துக்கு மேலே போய்த் திரும்பி, காற்று வந்த திசைக்கு மூக்கை வைத்தது. முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது. இடது கன்னத்திலிருந்து மஞ்சளாக ஒரு கோடு இறங்குவதை மீனலோசனி பார்த்தார். மழை தன் இஷ்டத்துக்குத் துடைக்கும்வரை காத்திருந்தால் நேரம் மழையின் கையில். நேரம் தன் கையில் இருக்க வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது, அதை அவர் முதல் நாளிலிருந்தே அறிந்திருந்தார், முதல் நாளிலிருந்தே தள்ளிப்போட்டும் வந்தார். எதிரே, ஏற்றத்தையும் இறக்கத்தையும் காட்டும் கடிகாரம் போன்ற கருவி. விமானத்தோடு பிறந்தது, கீறல்கூட விழாதது. அதன் கண்ணாடியை உடைத்தால் விமானி அறையின் காற்று அதில் நுழைந்து, இரண்டு கருவிகளுக்கும் பொதுவான குழாய் வழியே உயரமுள்ளைப் போய்ச் சேரும், பொட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விமானத்துக்கு உண்மை தெரிந்துவிடும்.

ஆனால் அதற்குமுன் வேகம் வேண்டும். நெம்புகோலை முழுவதும் தள்ளினார். விமானம் ஆகாயத்தில் ஓடுபாதையில் ஓடுவதுபோல் ஓடியது, எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை, காலையில் வடித்த தண்ணீர் குப்பியில் பின்சீட்டில் உருண்டுகொண்டிருந்தது. பறக்கிற வேகம் வந்த கணத்தில் மூக்கை எழவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் காலி டிபன் கேரியரைத் தூக்கி, அதன் அடித்தட்டால் கண்ணாடியில் ஓங்கி அடித்தார்.

படுத்திருந்த முள் விசுக்கென்று எழுந்தது.

தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொண்ட எவரும் செய்வதை விமானம் செய்தது. குலுங்கி, ஒரு நூறு அடி போலத் தொப்பென்று இறங்கியது; பின்சீட்டிலிருந்த தலையணை கூரையில் மோதியது. பிறகு இறக்கைகள் காற்றைப் பிடித்துக்கொண்டன, அது மறுபடியும் விமானமானது. நெத்திலி வாரப்பட்ட ஓடுபாதையில், மழை சரமாரியாகக் கொட்டத் தொடங்கிய நேரத்தில், மூன்று சக்கரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொட்டன. இந்தமுறை முள் தரை என்று காட்டியது உண்மையாக இருந்தது.

அமிர்தகடேசன் நனைந்த சிலிண்டரோடு ஓடி வந்தார். கதவைத் திறந்து அவர் முதலில் கேட்டது, "கேரியர் நசுங்கிடுச்சா?"

"அடித்தட்டு மட்டும்" என்றார் மீனலோசனி. பிறகுதான் அழுதார்.

ஊருக்கு வருத்தம். பரோட்டாக் கடை ஒன்றானது. சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிட்டதாகப் பேரூராட்சிக் கூட்டத்தில் கண்டனம் தெரிவிக்கப்பட்டது. குறித்த நாளில் மந்திரி வந்தார். வந்தவரைச் சும்மா அனுப்ப முடியாதென்று வெற்று ஆகாயத்துக்குக் கீழே ரிப்பன் வெட்டி, விமானம் நின்ற இடத்துக்கு நேர் கீழே கல்வெட்டு திறந்தார்கள். விசாரணை அறிக்கையும் வந்தது: விமானம் நின்றதற்குக் காரணம் கண்டறியப்படவில்லை, கருவியின் கண்ணாடி உடைந்ததற்குக் காரணம் உரிமையாளர். பொட்டு வைத்ததால்தான் அத்தனை நாள் விழாமல் இருந்தது என்று சேர்மன் போகுமிடமெல்லாம் பேசினார், அதில் ஒருவகையில் தவறுமில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. சேர்மன் வந்தார், போன ஆண்டைவிடப் பெரிய கிண்ணத்தோடு. கேமராக்கள் நான்கு மடங்கு. விசிறிக்கு மாலை, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம், வேலி ஓரம் பூசணிக்காய். பேருந்து நிலைய வியாபாரிகள் மொத்தமாக வந்து முன்வரிசையில் நின்றார்கள். சேர்மன் கட்டைவிரலைத் தோய்த்தார், விமானத்தின் இடது கன்னத்துக்கு நேராகப் போனார், பழைய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, அழுத்தி வைத்தார். கூட்டம் கைதட்டியது.

"இந்தத் தரமும் நிக்கும் தங்கச்சி" என்றார் பெருமிதத்தோடு.

மீனலோசனி இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்தார். "கொஞ்சம் தள்ளிக்குங்கண்ணே" என்றார். சேர்மன் தள்ளிக்கொள்ளவில்லை; மீனலோசனி அவர் முகத்துக்கும் விமானத்துக்கும் நடுவே கையை நுழைத்து, ஈரச் சந்தனத்தை ஒரே இழுப்பில் துடைத்து, துணியை மடித்து இன்னொருமுறை துடைத்து, துளையின் மேல் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

விமானம் வானத்தில் நின்றபோது பஸ் ஏறிக்கொண்டிருந்த கோரைமுனை, அன்றுதான் முதல்முறையாக வாயைப் பிளந்தது.